சாஸ்திரியார் தொடங்கிய கடை

ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் நெடுநாளாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு டி.யு.சி.எஸ். என்ற பெயர் புதிதல்ல. அரிசிப் பையோடும் சர்க்கரைப் பொட்டலத்தோடும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்த பெயர் அது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்பதன் சுருக்கம். இந்தியாவின் முதல் கூட்டுறவுப் பண்டகசாலை என்ற பெருமை அதற்கு உண்டு.

அந்தச் சங்கத்தை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். லண்டனிலும் ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் இந்தியாவின் குரலாக ஒலித்தவர். ஆங்கிலேயரே வியக்கும்படி ஆங்கிலம் பேசியவர். உலகம் அவரைப் பேச்சாளர் என்று அறியும். அந்தப் பேச்சாளர், துவரம் பருப்பும் புளியும் விற்கும் கடை ஒன்று தோன்றப் பாடுபட்டவர் என்பதைப் பலர் அறியார்.

வலங்கைமான் பிள்ளை

கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஊர் வலங்கைமான். அங்கே 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி சாஸ்திரியார் பிறந்தார். தந்தை வேதம் கற்ற வைதிகர். வீட்டில் படிப்பு இருந்தது, பணம் இல்லை.

பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் கும்பகோணத்தில் நடந்தன. அந்த நாளில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரிக்குப் பெரிய பேர். 1888-ல் சாஸ்திரியார் அங்கே பட்டம் பெற்றார். ஆங்கிலத்திலும் வடமொழியிலும் சிறந்து தேறினார்.

ஆசிரியர் வேலை தேடி வந்தது. மாயவரத்தில் தொடங்கினார். சேலத்துக்குப் போனார். பிறகு சென்னைக்கு வந்தார். முடிவில், திருவல்லிக்கேணி பெரிய தெருவில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார்.

கண்டிப்பான ஆசிரியர். ஒரு சொல் தவறாக விழுந்தாலும் பொறுக்க மாட்டார். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும். கணக்கும் சரியாக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தங்கள் நலனைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சென்னையில் ஆசிரியர் சங்கம் அமைத்தவர்களிலும் அவர் ஒருவர். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவரால் ஆகாதது ஆகும் என்பது அவருடைய நம்பிக்கை.

முதல் தேதிச் சம்பளம்

அன்றைய திருவல்லிக்கேணி பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் வாழ்ந்த இடம். பள்ளி ஆசிரியர்கள், கச்சேரி குமாஸ்தாக்கள், கணக்கர்கள் அங்கே நிறைய இருந்தனர்.

முதல் தேதி சம்பளம் வரும். அன்றே மளிகைக் கடைப் பற்றைத் தீர்க்க வேண்டும். பாதிச் சம்பளம் அங்கே போய்விடும். பத்தாம் தேதிக்குள் கை காலி. மறுபடியும் கடனுக்குச் சாமான்.

கடனுக்கு வாங்குகிறவன் தரம் கேட்க முடியாது. அரிசியில் கல் இருந்தாலும் வாங்க வேண்டும். தராசு தாழ்ந்தாலும் வாய் திறக்க முடியாது. விலை கூடினால் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் பழைய பாக்கியை எடுத்து வை என்று பதில் வரும். கல்யாணம், சீமந்தம், நோய் நொடி என்று வந்துவிட்டால் வட்டிக் கடைதான் கதி.

கிராமத்தில் நிலைமை இன்னும் மோசம். விதை வாங்கக் கடன், மாடு வாங்கக் கடன், வரி கட்டக் கடன். விளைந்த நெல் களத்திலேயே வட்டிக்குப் போய்விடும்.

இந்த நிலையை அரசாங்கமும் கவனித்தது. சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன் என்பவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஏழைக் குடியானவர்களுக்கு அங்கே எப்படிக் கடன் கிடைக்கிறது என்று பார்த்துவரச் சொன்னது. அவர் எழுதிய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

ஜெர்மனி நாட்டில் அவர் கண்ட முறை அவரை மிகவும் கவர்ந்தது. அதைத் தொடங்கியவர் ரைபைசன் என்ற ஊர்த் தலைவர். ஒரே ஊர்க்காரர்கள் சங்கமாகச் சேர்வார்கள். ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு ஏற்பார்கள். தனி ஆளாகப் போனால் கடன் கிடைக்காது. சங்கமாகப் போனால் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும். கடன் வாங்கியவன் நாணயமானவனா, உழைப்பாளியா என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். அந்த அறிவே அங்கே ஈடு.

நம் நாட்டுக்கும் ஒரு ரைபைசன் வேண்டும் என்பதே நிக்கல்சன் கண்ட முடிவு.

சீமையில் 28 பேர்

கடன் கொடுக்கும் சங்கத்துக்கு ஜெர்மனி வழிகாட்டியது. சாமான் விற்கும் சங்கத்துக்கு இங்கிலாந்து வழிகாட்டியது.

அங்கே ராச்டேல் என்று ஓர் ஆலை நகரம். துணி நெய்யும் தொழிலாளர்கள் மிகுந்த ஊர். கூலி குறைவு. கடையில் கிடைத்த மாவிலும் கலப்படம். அந்த ஊர்த் தொழிலாளர் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்தார்கள். 1844-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி ஒரு சந்தில் சின்னக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவைதான் சரக்கு.

அவர்கள் வகுத்த விதிகள் எளியவை. கலப்படம் கூடாது. எடை குறையக் கூடாது. ரொக்கத்துக்கே விற்பனை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். லாபம் வந்தால், அதிகம் வாங்கியவருக்கு அதிகமாகத் திரும்பும்.

இந்தக் கடைசி விதியில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கம்பெனியில் பணம் போட்டவருக்கு லாபம் போகும். கூட்டுறவுக் கடையில் சாமான் வாங்கியவருக்கு லாபம் போகும்.

உதாரணமாக, ஒரு குடும்பம் மாதம் 10 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 120 ரூபாய். ரூபாய்க்கு அரை அணா போனஸ் என்று சங்கம் முடிவு செய்தால், 60 அணா சேரும். பழைய கணக்கில் 16 அணா ஒரு ரூபாய். ஆகவே 3 ரூபாய் 12 அணா வீடு திரும்பும். வழக்கமாகச் செய்யும் செலவே சேமிப்பாக மாறும்.

1904-ல் பிறந்த சங்கம்

1904-ம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு மறக்க முடியாத ஆண்டு. திருவள்ளூரை அடுத்த திரூர் கிராமத்தில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் ஆகஸ்டு மாதம் பதிவாயிற்று. காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி தோன்றியது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, ஏப்ரல் மாதத்தில், திருவல்லிக்கேணியில் ஒரு சிறு கூட்டத்தார் ஒன்றுசேர்ந்து விட்டார்கள். ராச்டேல் தொழிலாளரின் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமும் செய்து பார்க்கலாம் என்று துணிந்தார்கள். அவர்களுள் தலைமை ஆசிரியர் சாஸ்திரியாரும் இருந்தார்.

அது அவ்வளவு எளிய காரியம் அல்ல. படித்தவர்கள் மளிகைக் கடை வைப்பதா என்று கேலி பேசும் காலம். வியாபாரம் தெரியாதவர்கள் வியாபாரத்தில் இறங்கினால் கைமுதல் போய்விடும் என்ற பயமும் உண்டு. புதிய சட்டமோ கடன் சங்கங்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சாமான் விற்கும் சங்கங்களுக்கும் இடம் தரும் விரிவான சட்டம் 1912-ல்தான் வந்தது. சட்டம் கண் திறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே திருவல்லிக்கேணி மக்கள் கண் திறந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட முயற்சிக்கு மூலதனம் பணம் மட்டும் அல்ல. நம்பிக்கையே முதல் மூலதனம். ஊரார் மதிக்கும் ஆசிரியர் ஒருவர் முன்னால் நின்றால், நாலு பேர் துணிந்து பங்கு வாங்குவார்கள். பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தருகிறவர் பெற்றோரை ஏமாற்ற மாட்டார் அல்லவா? சாஸ்திரியார் சங்கத்துக்குத் தந்த பெரிய பங்கு அவருடைய நல்ல பெயர்.

கவிழ்ந்த கம்பெனி

நம்பிக்கை எவ்வளவு அருமையான பொருள் என்பது இரண்டே ஆண்டுகளில் சென்னைக்குப் புரிந்தது.

அர்பத்நாட் கம்பெனி என்பது சென்னையில் வெள்ளையர் நடத்திய பெரிய வங்கி நிறுவனம். பெரிய மனிதர்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் அதில் பணம் போட்டிருந்தார்கள். 1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அது திடீரென்று கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்.

அங்கே பணம் போட்டவர்கள் கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. பெரிய கட்டடத்தையும் பெரிய பெயரையும் நம்பினார்கள்.

இந்த அடியிலிருந்து சென்னை ஒரு பாடம் கற்றது. நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைத்தார். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. கிருஷ்ணசாமி ஐயர் சாஸ்திரியாரின் நண்பர்.

வங்கி பெரிய அளவில் செய்ய முயன்றதைக் கூட்டுறவுச் சங்கம் தெருவளவில் செய்துகொண்டிருந்தது. அங்கே உறுப்பினர் கடைக்குப் போகலாம். சரக்கைப் பார்க்கலாம். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருக்கும் குமாஸ்தாவுக்கும் அந்த உரிமை உண்டு.

வேலையை விட்டார்

இந்தச் சமயத்தில் சாஸ்திரியாரின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது.

கோபால கிருஷ்ண கோகலே 1905-ல் புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அதில் சேருகிறவர்கள் வாழ்நாள் முழுவதையும் நாட்டுக்குக் கொடுக்க வேண்டும். பணம் சம்பாதிக்கக் கூடாது. சங்கம் தரும் சொற்பப் படியில் குடும்பம் நடத்த வேண்டும். 1907-ல் சாஸ்திரியார் தலைமை ஆசிரியர் வேலையை விட்டு அதில் சேர்ந்தார். கோகலே 1915-ல் காலமானதும் அவருடைய இடத்துக்குச் சாஸ்திரியாரே வந்தார்.

திருவல்லிக்கேணிச் சங்கத்துக்கு அப்போது வயது மூன்று. சின்னக் குழந்தை. பெரிய மனிதர் விலகிப் போனால் சங்கம் படுத்துவிடும் என்று யாரும் நினைத்திருக்கலாம். ஆனால் படுக்கவில்லை. வளர்ந்தது. நகரின் பல பகுதிகளில் கிளைகள் தோன்றின.

காரணம் என்ன? சங்கம் ஒருவர் தோளில் நிற்கவில்லை. விதிகளின்மேல் நின்றது. மாதக் கணக்கு, ஆண்டுத் தணிக்கை, தேர்தல், பொதுக்குழு என்று வேலை பலர் கையில் பிரிந்திருந்தது. ஒருவர் போனால் அடுத்தவர் வந்தார்.

ஒருவர் தொடங்கிய காரியம் அவர் போன பிறகும் நடக்கிறதா என்பதே அந்தக் காரியத்துக்கு உரைகல். கூட்டுறவுக்கு அது இன்னும் பொருந்தும்.

உலக அரங்கில்

சாஸ்திரியார் சட்டசபைகளுக்குப் போனார். 1919-ல் ரௌலட் மசோதாவை எதிர்த்து டில்லியில் அவர் பேசிய பேச்சு நாடெங்கும் எதிரொலித்தது. 1921-ல் பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சிலில் உறுப்பினர் ஆனார். மகாகனம் என்ற பட்டம் அப்படி வந்தது.

ஆனால் பாராட்டோடு ஏச்சும் வந்தது. அவர் மிதவாதி. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்கவில்லை. சர்க்காருக்கு வேண்டியவர் என்று பலர் பழித்தனர். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தியடிகளும் அவர்மேல் வைத்த அன்பை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தியடிகள் அவரைவிடப் பத்து நாள் இளையவர். அவரை அண்ணனாகவே பாவித்தார்.

1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் பிரதிநிதியாகச் சாஸ்திரியார் போனார். அங்கே கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர், தெலுங்கர் முதலியோரின் பிள்ளைகளுக்கு உயர்கல்விக்கு வழி இல்லை. சர்க்காரை மட்டும் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. அங்குள்ள இந்தியர்களிடமே போனார். நிதி திரட்டினார். டர்பன் நகரில் ஒரு கல்விச்சாலை எழுந்தது. 1929-ல் திறக்கப்பட்ட அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்று பெயர்.

திருவல்லிக்கேணியில் பிடித்த அதே வழிதான் இது. தேவை யாருக்கு உண்டோ அவர்களே முதலில் கை கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது நம்முடையது என்ற எண்ணம் பிறக்கும்.

கடைசி ஆண்டுகள்

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பிறகு மயிலாப்பூரில் வாழ்ந்தார். 1944-ல் மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் ராமாயணத்தைப் பற்றித் தொடர்ந்து சொற்பொழிவு செய்தார். ஆழ்வார்பேட்டையிலிருந்து நடந்தே போய்வரும் தூரத்தில் உள்ள இடம் அது. அந்தக் கல்லூரியை நிறுவியவரும் நண்பர் கிருஷ்ணசாமி ஐயரே.

அது போர்க்காலம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. பங்கீடு வந்தது. கள்ளச் சந்தை பெருத்தது. அந்த நெருக்கடியில் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் அருமை மக்களுக்கு விளங்கியது. நியாய விலையும் சரியான எடையும் எவ்வளவு பெரிய உதவி என்று குடும்பங்கள் உணர்ந்தன.

1946 ஜனவரியில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். தியாகராய நகரில் இந்திப் பிரசார சபையில் தங்கினார். மருத்துவமனையில் படுத்திருந்த சாஸ்திரியாரைத் தேடிச் சென்று பார்த்தார். கொள்கையில் பிரிந்த இருவர் அன்பில் பிரியவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் காலமானார். நாடு விடுதலை அடைந்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சங்கம் யாருடையது?

அவர் மறைந்தும் சங்கம் நின்றது. 2004-ல் நூறு ஆண்டுகளைக் கடந்தது. ஆழ்வார்பேட்டையிலிருந்து எல்டாம்ஸ் சாலை வழியாகப் போனால் வரும் தேனாம்பேட்டையில், காமதேனு என்ற பெரிய பண்டகசாலையையும் அது தொடங்கியது. நகரின் பல பகுதிகளில் ரேஷன் கடைகளை நடத்தும் பொறுப்பும் அதற்கு வந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன.

காலப்போக்கில் ஒரு மாறுதலும் நேர்ந்தது. சர்க்காரின் கை கூட்டுறவில் ஓங்கியது. சங்கத்துக்குச் சரக்கும் சர்க்காரிடமிருந்து வருகிறது. அதிகாரியும் சர்க்காரிடமிருந்து வருகிறார். வரிசையில் நிற்கும் மக்களும் இது சர்க்கார் கடை என்றே எண்ணுகிறார்கள். இது நம் கடை என்ற எண்ணம் குறைந்துவிட்டது. எண்ணம் குறைந்த இடத்தில் கேள்வியும் குறையும். கேள்வி குறைந்த இடத்தில் குறை பெருகும்.

1930-களில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது பல கடன் சங்கங்கள் தள்ளாடின. விளைபொருளின் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. கூட்டுறவு என்ற பெயர் மட்டும் ஒரு சங்கத்தைக் காப்பாற்றாது. வாங்கிய கடனைத் திருப்பும் உறுப்பினரும், கணக்கைக் காட்டும் நிர்வாகியும் சேர்ந்தே காப்பாற்ற வேண்டும்.

அந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறை பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போகலாம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஐந்தொகையை எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்கலாம். தேர்தல் வந்தால் நாணயமானவருக்கு வாக்களிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் வாரந்தோறும் கணக்குப் பார்க்கும் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

சாஸ்திரியாரைப் போல் ஆங்கிலம் பேச எல்லோராலும் ஆகாது. சரியான எடைக்கும் சரியான கணக்குக்கும் அவரைப் போல் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நிற்க எவராலும் ஆகும்.